பழைய எம்ஜிபிக்கு எந்த இன்ஜின் வைத்தால் வழியில் நிற்காது?

கேள்வி: என்னிடம் எம்ஜி கம்பெனியின் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், 1966ஆம் ஆண்டு எம்ஜிபி ஜிடி, இருக்கிறது. வாங்கி மூன்று வருடம் ஆகிறது. துரு வேலை எல்லாம் முடித்து பாடி நன்றாக இருக்கிறது. ஆனால் நம்பி நூறு கிலோமீட்டர் போக முடியவில்லை. போன வருடம் மட்டும் மூன்று முறை வழியில் நின்றுவிட்டது. ஒரு முறை பெட்ரோல் பம்ப் வேலை செய்யவில்லை. ஒரு முறை நெரிசலில் ஊர்ந்து போனதில் கொதித்துவிட்டது. இன்னொரு முறை இரவு மழையில் லைட், வைப்பர் எல்லாம் போட்டு ஓட்டியதில் பேட்டரி இறங்கிவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்தால் கொஞ்சம் நீலப்புகை வருகிறது. ஹைவேயில் 110இல் போனால் இன்ஜின் கத்துகிறது, டாப் கியரில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் ஓவர்டிரைவ் கிடையாது. பேசாமல் வேறு இன்ஜின் மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். ரோவர் வி8, மாஸ்டா எம்எக்ஸ்-5இன் 1.8, ஜிஎம் எல்எஸ் வி8 என்று மூன்று யோசனைகள் சொல்கிறார்கள். எனக்கு வேகம் முக்கியமில்லை, குடும்பத்தோடு நீண்ட தூரம் போய்வர வேண்டும். எதை வைக்கலாம்? பழைய இன்ஜினை விற்றுவிடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கார் நின்ற மூன்று முறையும் ஏன் நின்றது என்று நீங்களே தெளிவாக எழுதியிருக்கிறீர்கள்: பெட்ரோல், குளிர்விப்பு, கரண்ட். இந்த மூன்றில் ஒன்றுகூட இன்ஜினுக்குள் நடந்த கோளாறு இல்லை. பிஸ்டன் உடையவில்லை, பேரிங் போகவில்லை, ஹெட் கேஸ்கெட் போனதாகவும் நீங்கள் சொல்லவில்லை. இன்ஜினைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் உலகத்திலேயே நம்பகமான இன்ஜினை வைத்தாலும் அதே டேங்க், அதே ரேடியேட்டர், அதே வயரிங்தான் அதற்கும் வேலை செய்யப்போகிறது. போதாததற்கு, புது இன்ஜின் இந்த மூன்றிடமும் பழைய இன்ஜினைவிட அதிகமாகக் கேட்கும்.

அதனால் இன்ஜின் எது என்ற கேள்விக்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன். இருபது வருடத்துக்கு மேலாகப் பழைய கார்களில் இன்ஜின் மாற்றும் வேலை செய்கிறேன். பாதியில் நின்றுபோன மாற்றங்களைச் சரிசெய்து கொடுத்ததும் நிறைய. இன்ஜின் மாற்றிய கார் வழியில் நின்று என் பட்டறைக்கு வரும்போது, குற்றம் அநேகமாக இன்ஜினை விட்டு ஒரு முழம் தள்ளித்தான் இருக்கும்.

முதலில் கரண்ட். உங்கள் காரில், யாரும் இடையில் மாற்றவில்லை என்றால், பேட்டரியைச் சார்ஜ் செய்ய லூகாஸ் சி40 டைனமோ இருக்கும். அதன் முழு அளவே 22 ஆம்பியர்தான், அதுவும் இன்ஜின் நல்ல வேகத்தில் சுற்றினால்தான் கிடைக்கும், ஐடிலிங்கில் ஏறக்குறைய ஒன்றுமே வராது. இரண்டு ஹெட்லைட்டுக்கு 8, 9 ஆம்பியர், வைப்பர், ஹீட்டர் விசிறி, இக்னிஷன், பம்ப், பின்விளக்கு என்று கூட்டிக்கொண்டே போனால் மழை இரவில் கணக்கு இழுபறிதான், அதிலும் மெதுவாகப் போனால் பேட்டரியிலிருந்துதான் எடுக்க வேண்டும். அன்றைக்கு உங்கள் காரில் எதுவும் பழுதாகவில்லை, டைனமோ தன்னால் முடிந்ததைக் கொடுத்தது, அது போதவில்லை. இதற்கு மேல் ஒரு எலக்ட்ரிக் ரேடியேட்டர் விசிறி, ஃபியூயல் இன்ஜெக்ஷன் பம்ப், இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியு எல்லாம் சேர்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் கட்டாயம்.

இன்னொன்று. 1967 கடைசி வரை வந்த எம்ஜிபிக்கள் பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் மாட்டியிருக்கும். ஆல்டர்னேட்டரும் இன்றைக்குக் கிடைக்கும் எலக்ட்ரானிக் சாமான்களும் நெகட்டிவ் எர்த்துக்காகச் செய்தவை, மறந்துபோய் அப்படியே மாட்டினால் ஒரு நொடியில் போய்விடும். மாற்றுவது பெரிய வேலை இல்லை: பேட்டரி முனைகளைத் திருப்ப வேண்டும், காயிலின் இரண்டு வயர்களை இடம் மாற்ற வேண்டும், ரெவ் கவுண்டருக்குள் சின்ன மாற்றம் ஒன்று செய்ய வேண்டும், ரேடியோ இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். ஒரு சனிக்கிழமை போதும்.

எர்த் பற்றிச் சொல்லும்போது ஒரு கார் ஞாபகம் வருகிறது. வேறொரு பட்டறையில் இன்ஜின் மாற்றி முடித்த கார், உரிமையாளர் ஸ்டார்ட்டர் கீயைத் திருப்பினால் டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து புகை வருகிறது என்று டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தார். இன்ஜின் குறையே இல்லாத இன்ஜின். ஆனால் இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையை மாட்ட மறந்துவிட்டார்கள். இன்ஜின் நிற்பதோ ரப்பர் மவுண்டிங்கில். ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் திரும்பிப்போக வேறு வழி இல்லாமல் சோக் கேபிள் வழியாகப் போயிருக்கிறது, அது பழுத்துச் சிவந்துவிட்டது. உங்கள் எம்ஜிபியில் இந்தப் பட்டை கியர்பாக்ஸ் பக்கம், அடியில், கண்ணில் படாத இடத்தில் இருக்கும். படுத்துப் பார்த்து, துரு இருந்தால் தேய்த்து, முடிந்தால் இன்ஜினிலிருந்து பாடிக்கு இரண்டாவதாக ஒரு பட்டையும் போட்டுவிடுங்கள்.

அடுத்து கொதிப்பு. நெரிசலில் மட்டும் கொதிக்கிறது, ஓடும்போது சரியாக இருக்கிறது என்றால் காற்று போதவில்லை என்று அர்த்தம். விசிறியைப் பாருங்கள், ரேடியேட்டர் முகத்தில் பாதி அடைத்திருக்கும் பூச்சியையும் மண்ணையும் பாருங்கள். ஓடும்போதும் முள் ஏறிக்கொண்டே போகிறது என்றால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், பிளாக்கின் பின்பக்கம் படிந்திருக்கும் சேறு காரணமாக இருக்கலாம், அல்லது இக்னிஷன் டைமிங் தாமதமாக இருக்கலாம். டைமிங்கை நிறையப் பேர் கணக்கில் எடுப்பதே இல்லை. தாமதமாகத் தீப்பிடித்தால் சூடு பிஸ்டனைத் தள்ளுவதற்குப் பதிலாக எக்சாஸ்ட் பக்கம் போய் ஹெட்டைக் காய்ச்சும். ரேடியேட்டரைக் கழற்றி நல்ல ஆளிடம் கொடுத்துப் புது கோர் போடச் சொல்லுங்கள், 82 டிகிரி தெர்மோஸ்டாட் புதிதாகப் போடுங்கள், மூடியும் புதிது. பிளாக்கின் தண்ணீர்க் குழாயைத் திறந்து ஹோஸ் வைத்து அடித்துக் கழுவுங்கள், வருவது காபி நிறத்தில் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பெட்ரோல் பம்ப்: எஸ்யு பம்புக்குள் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் பாயிண்ட்கள் உண்டு, அவை கருகிப்போய் ஒட்டிக்கொள்ளும், அப்போது பம்பை லேசாகத் தட்டினால் மறுபடி டிக் டிக் என்று ஓடும். பாயிண்ட் இல்லாத எலக்ட்ரானிக் வகை இப்போது வருகிறது, அதை மாட்டுங்கள், பாசிட்டிவ் எர்த்தா நெகட்டிவ் எர்த்தா என்று பார்த்து வாங்குங்கள். ரப்பர் ஹோஸ்களை எல்லாம் எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றிவிடுங்கள். பழைய ஹோஸ் வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே உதிர்ந்து கார்புரேட்டரை அடைத்துக்கொண்டே இருக்கும்.

சரி, இப்போது இன்ஜினுக்கு வருவோம். அதைக் குறை சொல்வதற்கு முன்னால் அளந்து பார்க்க வேண்டும். நன்றாகச் சூடான பிறகு, நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும், அதாவது உள்ளே ஏறும் அழுத்தத்தையும், அளந்து எடுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட நாலுக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் முக்கியம், 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஒரு சிலிண்டர் குறைவாக இருந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். எண் ஏறினால் ரிங்கில் கோளாறு, ஏறாவிட்டால் வால்விலோ கேஸ்கெட்டிலோ. ஆயில் பிரஷரையும் பாருங்கள்: சூடான நிலையில் ஓடும்போது 50இலிருந்து 80 பிஎஸ்ஐ, ஐடிலிங்கில் 10இலிருந்து 25 என்பது இந்த இன்ஜினுக்கு ஆரோக்கியமான அளவு.

நீங்கள் சொல்லும் நீலப்புகை காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வருகிறது. ராத்திரி முழுக்க ஆயில் வால்வு கைடு வழியாகச் சொட்டி இறங்கியிருக்கிறது என்பதற்கு இது வழக்கமான அடையாளம். ரிங் தேய்ந்திருந்தால் ஆக்சிலரேட்டரை மிதித்து ஏறும்போதெல்லாம் புகை வர வேண்டும். அது வரவில்லை என்றால் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும், முழு இன்ஜினைத் தொட வேண்டியதில்லை. கழற்றும்போதே எக்சாஸ்ட் வால்வுக்குக் கடினமான சீட் போட்டுவிடுங்கள். இந்த ஹெட் ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில் செய்தது, சீட் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான்.

உங்கள் பி-சீரிஸ் இன்ஜின் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. 1,798 சிசி, 95 குதிரைத்திறன், முழுக்க வார்ப்பிரும்பு. 1964க்குப் பிறகு வந்ததால் உங்களுடையதில் கிராங்குக்கு ஐந்து பேரிங், அதற்கு முன்பு மூன்றுதான். நன்றாக ரீபோர் செய்து, கிராங்கைத் தேய்த்து, புது கேம், ஃபாலோயர் போட்டுக் கட்டினால் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் சலிக்காமல் ஓடும். எம்ஜிபி 1962இலிருந்து 1980 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்த கார், உதிரிபாகம் இன்னும் புதிதாகவே செய்கிறார்கள். வழியில் ஏதாவது ஆனாலும் ஒரு ஸ்பேனர் செட்டை வைத்துக்கொண்டு எந்த மெக்கானிக்கும் சரிசெய்துவிட முடியும். நீண்ட பயணம் போகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அப்புறம் அந்தக் கத்தல். அது கியர் கணக்கு. உங்கள் பின் ஆக்சிலின் விகிதம் 3.909, ஓவர்டிரைவ் இல்லாமல் 110 கிலோமீட்டரில் போனால் இன்ஜின் சுமார் 3,800 சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் யாருக்கும் இன்ஜின் மேல் சந்தேகம் வரும். ஓவர்டிரைவ் மாட்டினால் அதே வேகத்தில் 3,100 பக்கம் இறங்கிவிடும், கார் ஆளே மாறிவிட்டது போல இருக்கும். உங்கள் வருடத்துக்கான ஓவர்டிரைவ் கியர்பாக்ஸ் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. ஐந்து கியர் பாக்ஸ் மாட்டுவதற்கான கிட்களும் உண்டு, ஆனால் வாங்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: 1967 கடைசியில் வந்த மாற்றத்தில்தான் எம்ஜிபியின் கியர்பாக்ஸ் டனல் அகலமானது, உங்களுடையது அதற்கு முந்தைய குறுகிய டனல். “எம்ஜிபிக்குப் பொருந்தும்” என்று பொதுவாக எழுதியிருப்பதை நம்பி வாங்கிவிடாதீர்கள்.

இதையெல்லாம் செய்தும் இன்ஜின் மாற்றத்தான் ஆசை என்றால், அதிலும் தவறில்லை. நீங்கள் கேட்ட மூன்றையும் பார்ப்போம்.

எல்எஸ் அருமையான இன்ஜின், 1997இல் கார்வெட்டில் வந்தபோதே 5.7 லிட்டரில் 345 குதிரைத்திறன். உங்கள் கார் தாங்கும்படி கட்டப்பட்டதைப்போல மூன்றரை மடங்குக்கு மேல். பின் ஆக்சில், பிரேக், சஸ்பென்ஷன், டனல், ரேடியேட்டர், டேங்க், எல்லாமே மாற வேண்டும், கடைசியில் எம்ஜிபியில் மிச்சம் இருப்பது கூரையும் கதவும்தான். செய்தவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவும் செய்திருக்கிறார்கள். குடும்பப் பயணத்துக்கு நம்பகம் வேண்டும் என்கிற உங்களுக்கு இது வேண்டாம்.

ரோவர் வி8க்கு வேறு எதற்கும் இல்லாத ஒரு தகுதி உண்டு: கம்பெனியே இதே ஜிடியில் வைத்து விற்றிருக்கிறது. ப்யூயிக்குக்காக ஜிஎம் 1960களின் தொடக்கத்தில் செய்த அலுமினிய வி8 இது, ரோவர் உரிமையை வாங்கித் தன்னுடையதாக்கிக்கொண்டது. கென் கோஸ்டெல்லோ என்பவர் இதை எம்ஜிபியில் வைத்து விற்க ஆரம்பித்தார், பிறகு கம்பெனியே 1973இலிருந்து 1976 வரை 2,591 கார்கள் செய்தது. 3,528 சிசி, 137 குதிரைத்திறன். அலுமினியம் என்பதால் உங்கள் வார்ப்பிரும்பு நாலு சிலிண்டரைவிட எடை அதிகம் இல்லை, அதனால் ஸ்டியரிங் குணம் கெடாது. கார்புரேட்டரோடு வைத்தால் ஈசியு, சென்சார் தலைவலி எதுவும் இல்லை, டேங்கையும் தொட வேண்டியதில்லை. 3.5 லிட்டரையே எடுங்கள். பின்னால் வந்த பெரிய 4.0, 4.6 லிட்டர் பிளாக்குகளில் சிலிண்டருக்கு வெளியே சுவர் மெலிந்துவிட்டது, சூடேறினால் சிலிண்டருக்குள் இருக்கும் லைனர் உறை நகர்வதும் பிளாக் விரிசல் விடுவதும் அவற்றில் தெரிந்த வியாதி. எந்த ரோவர் வி8ஐயும் வாங்கும் முன் ராக்கர் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே கறுப்புச் சேறு இருந்தால் ஆயில் ஒழுங்காக மாற்றவில்லை, கேம் தேய்ந்திருக்கும், விட்டுவிடுங்கள்.

இதில் உங்களுக்குச் சிரமம் என்னவென்றால், உங்களுடையது பழைய குரோம் பம்பர் பாடி. பின்னால் வந்த ரப்பர் பம்பர் கார்களில் இடம் தாராளம், உங்களுடையதில் எக்சாஸ்ட் மேனிஃபோல்டும் ஸ்டியரிங் ஷாஃப்டும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும், டனலிலும் வேலை இருக்கும். கம்பெனி வி8இல் பின் ஆக்சில் விகிதம் 3.07, முன் பிரேக் டிஸ்க்கும் தடிமன் கூடியது. அந்த இரண்டையும் விட்டுவிட்டு இன்ஜினை மட்டும் வைத்தால் பாதி வேலைதான் செய்ததாக அர்த்தம்.

மாஸ்டா 1.8, இன்ஜினாக மட்டும் எடுத்துக்கொண்டால் மூன்றிலும் அதிகம் உழைக்கக்கூடியது இதுதான் என்பேன். சுமார் 130 குதிரைத்திறன், ஏற்கனவே நீளவாக்கில் நிற்கும் இன்ஜின், கூடவே இனிமையான ஐந்து கியர் பாக்ஸ், உங்கள் 3.9 ஆக்சிலோடும் நன்றாகவே ஓடும். 1.6 கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் 1990, 91 கால முதல் இன்ஜின்களைத் தவிர்த்துவிடுங்கள், கிராங்கின் முன்முனையில் புல்லியைப் பிடிக்கும் சாவி தேய்ந்து ஆடும் குறை அவற்றில் உண்டு. ஆனால் ஃபியூயல் இன்ஜெக்ஷன் என்பதால் உங்கள் எஸ்யு பம்ப் கொடுக்கும் 3 பிஎஸ்ஐ இதற்குக் காணாது, 40க்கு மேல் வேண்டும். அதைத் தாங்கும் பம்ப், ஃபில்டர், ஹோஸ், டேங்குக்குத் திரும்பி வரும் தனிக் குழாய் எல்லாம் வேண்டும். உங்கள் டேங்குக்குள் தடுப்புத் தகடு கிடையாது, வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும்போது பம்ப் காற்றை உறிஞ்சினால் இன்ஜின் அந்த நொடியே இருமும். கார்புரேட்டரில் மிதவைக் கிண்ணம் அதைச் சமாளித்துவிடும், இன்ஜெக்ஷன் சமாளிக்காது. பம்புக்கு முன்னால் சின்ன சேமிப்புக் குடுவை ஒன்று வைத்தே ஆக வேண்டும். கார்புரேட்டர் ஹோஸை இந்த அழுத்தத்தில் பயன்படுத்தாதீர்கள், பிய்ந்தால் சூடான எக்சாஸ்ட் மேல் பெட்ரோல் பீச்சியடிக்கும். இதில் மட்டும் நான் யாரோடும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

மாஸ்டா பக்கம் போனால் இன்ஜினைத் தனியாக வாங்காதீர்கள். ஓடுகிற முழு காராக வாங்குங்கள். இரண்டு வாரம் ஓட்டுங்கள், சூடாகட்டும், ஆயில் குடிக்கிறதா பாருங்கள். பிறகு கழற்றும்போது வயரிங்கை எங்கேயும் வெட்டாமல், ஒவ்வொரு கனெக்டரிலும் சீட்டு ஒட்டி, ஈசியு, சென்சார், ரிலே, சாவியில் இம்மொபிலைசர் இருந்தால் அதன் பெட்டி என்று எல்லாவற்றையும் ஒரே குடும்பமாக எடுங்கள். பத்து காரிலிருந்து பத்து சாமான் சேர்த்துக் கட்டியதில், ராத்திரி பத்து மணிக்கு ஒரு சென்சார் போனால் எந்தக் காருடையது என்று யாருக்கும் தெரியாது. வேலை முடிந்ததும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: இந்த ஹோஸ் இந்தக் காருடையது, இந்த பெல்ட் இந்த நீளம், இந்த ரிலே இந்த வேலைக்கு. அந்த நோட்டு காரிலேயே இருக்கட்டும்.

இரண்டில் ஒன்றைச் சொல் என்றால், உங்கள் காருக்கு, உங்கள் பயணத்துக்கு, கார்புரேட்டரோடு ரோவர் 3.5. மாஸ்டா இன்ஜின் சிறந்ததுதான், ஆனால் அதைச் சுற்றிப் புதிதாகக் கட்ட வேண்டியது அதிகம், புதிதாகக் கட்டும் ஒவ்வொன்றும் நிற்க வைக்கக்கூடிய இடம். வாங்குவதற்கு முன்னால் உங்கள் வாகனப் பதிவு அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள், விதி இடத்துக்கு இடம் மாறும்.

ஆனால் என் பட்டறைக்கு நீங்கள் காரைக் கொண்டுவந்தால் நான் செய்வது வேறு. ஆல்டர்னேட்டர், நெகட்டிவ் எர்த், ரேடியேட்டர், பம்ப், ஹோஸ்கள், ஹெட் வேலை, ஓவர்டிரைவ், இந்த வரிசையில் முடித்து, ஐயாயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள் என்று சாவியைக் கொடுப்பேன். செய்ததில் முக்கால்வாசி, நாளைக்கு வி8 வைத்தாலும் அப்படியே பயன்படும், காசு வீணாகாது. கம்ப்ரஷன் எண்கள் நாலும் மோசமாக வந்தால் மறுபடி எழுதுங்கள், நாலு எண்ணையும் தனித்தனியாக, ஆயில் விட்டு எடுத்ததையும் சேர்த்து எழுதுங்கள்.

பழைய இன்ஜினை, எது செய்தாலும், விற்காதீர்கள். காரோடு பிறந்த நம்பர் உள்ள இன்ஜின் கூடவே இருந்தால் அடுத்து வாங்குகிறவர் வேறு கண்ணோடு பார்ப்பார், உங்களுக்கே ஒருநாள் திரும்ப வைக்கத் தோன்றலாம். தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, பிளக்கை மாட்டி, மேனிஃபோல்ட் வாய்களைத் துணி வைத்து மூடி, ஈரம் படாத இடத்தில் மரக்கட்டை மேல் வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கிராங்கைக் கையால் ஒரு சுற்று திருப்பிவிடுங்கள். கிளட்ச் பிளேட்டை மட்டும் கழற்றித் தனியாக வைக்க வேண்டும், விட்டால் ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும்.